வேலையை இப்போதைக்கு விடாதே

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மா உடம்பு தேறிவருவது நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். என் மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் பவர் ஏறியிருக்கிறது; இந்தத் தொழிலில் அது சகஜம்.

காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு மாயக்கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைய வந்துவிடலாமா என்று கேட்கிறாய். காப்பீடு என்றதும் மாயக்கதைப் படங்களால் புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் ஆர்தர் ராக்கம் நினைவுதான் வந்தது. 1867-இல் லண்டனில் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஒரு தீவிபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை பார்த்துக்கொண்டே லாம்பெத் ஓவியப் பள்ளியில் பகுதிநேரமாகப் படித்தார். 1892-இல்தான் வேலையை விட்டார். அப்போதும் நேரே தேவதைகளை வரையப் போய்விடவில்லை. பத்திரிகையில் நிருபராகவும் ஓவியராகவும் சேர்ந்தார். பெரிய பெயர் கிடைத்தது 1905-இல், 'ரிப் வான் விங்கிள்' கதைப் புத்தகப் படங்களால். அப்போது நாற்பதை நெருங்கிவிட்டார். உனக்கு என்ன அவசரம்?

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், கேள். மென்மையான பென்சிலில் உருவங்களை லேசாகப் போட்டுக்கொள்வார். அதன்மேல் இந்தியன் இங்க் என்கிற கறுப்பு மையில் பேனாக் கோடு. உருவம் பிடிபட்டதும் பென்சிலை அழித்துவிட்டு, நீர்வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றுவார். அது மூவண்ண அச்சின் ஆரம்ப காலம். வண்ணத்துக்கு ஒன்றாக இருக்கும் மூன்று அச்சுக்கட்டைகளும் (பிளாக்குகள்) மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். பிசகினால் முகமெல்லாம் கலங்கிவிடும். சரியாக விழுந்தாலும் நுணுக்கம் கொஞ்சம் போய்விடும். அதனால் வண்ணம் முடிந்த பிறகும் சில படங்களில் கோட்டின்மேல் மறுபடி மை ஓட்டுவாராம். அச்சில் எது தொலையும் என்று தெரிந்து வரைந்த மனிதர். இப்போது நாம் திரையில் வரைகிறோம். அங்கே ஜொலிக்கிற பச்சை நான்குவண்ண அச்சில் சோகை பிடித்து வருகிறது. அச்சடித்த மாதிரித் தாளைப் பார்க்காமல் எதற்கும் சரி என்று சொல்லாதே.

இன்னொன்று, இதில் பாதி வேலை படிப்பதுதான். நாயகனுக்கு இடக்கன்னத்தில் தழும்பு என்று எங்கோ ஒரு வரி ஒளிந்திருக்கும். அப்படி ஒரு சின்ன விவரமும் படத்தில் விட்டுப்போகக் கூடாது. ராக்கம் 1939-இல் சாகக் கிடந்தபோது, 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்ற விலங்குக் கதைக்காக, எலியும் அதன் தோழனும் படகில் சாமான் ஏற்றும் படத்தை முடித்தார். பிறகுதான் படகில் துடுப்பே இல்லை என்று கண்டார். மகள் பரவாயில்லை என்று சொல்லியும் கேட்காமல், துடுப்பை வரைந்த பிறகுதான் படுத்தார்.

பண விஷயம்: அட்வான்ஸ் வாங்காமல் கோடு போடாதே, படங்களின் பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காதே. அவ்வளவுதான்.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். மரத்தடிக் கிழவி அபாரம்டா. வேர் எங்கே முடிகிறது, அவள் விரல் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. டிராகன்தான் இடிக்கிறது. செதில் செதிலாக உழைத்திருக்கிறாய், ஆனால் இறக்கையை முதுகில் பசை போட்டு ஒட்டினாற்போல இருக்கிறது. வௌவாலுக்கு இறக்கைதான் கை. நீண்ட விரலெலும்புகளுக்கு நடுவே தோல். உன் டிராகனுக்கு முன்காலும் உண்டு, இறக்கையும் உண்டு. அப்படியானால் இன்னொரு ஜோடி தோள்பட்டை எங்கே? அந்தச் சிறகை அடிக்க மார்பில் சதை எங்கே? முதலில் ஒரு வௌவால் எலும்புக்கூட்டை நாலைந்து கோணத்தில் வரைந்து பார். பிறகு டிராகனைத் திருத்தி அனுப்பு. கிழவியை மட்டும் தொட்டுவிடாதே, எனக்குத் தெரிந்த பதிப்பாசிரியர் ஒருவரிடம் அதை அப்படியே காட்டப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்