7000 ஜாக்கிகளும் ஒரு மஞ்சள் மிதவையும்

காசிமேடு, சென்னை
மே மாதம், மீன்பிடித் தடைக்காலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் நலம். வீட்டில் அவளுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறாள். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. விடியற்காலையில் ஃபைபர் படகுகள் கொண்டுவருகிற நெத்திலியும் காரப்பொடியும்தான் ஏலத்துக்கு. விலையைக் கேட்டால் நீ கோயம்புத்தூரிலேயே இருந்துவிடுவாய்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "சுவிட்சர்லாந்தில் பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டி எதையோ மோத விட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு நம்ம நாடு வருஷா வருஷம் எதற்குச் சந்தா கட்டணும்? நம்ம தெருவில் மழைத்தண்ணி வடிய ஒரு கால்வாய் இல்லை" என்று எழுதியிருந்தாய். ஒரு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவனிடம் நீ கேட்டிருக்கிறாய், ஒரு வரியில் பதில் எழுதி முடிக்க மனசு வரவில்லை.

போன பொங்கலுக்கு நீயே ஒரு படம் அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்ன அந்தச் சுரங்கத்தில் அணுத்துகள்களை மோத விட்டு ஆராய்கிறார்களே, ஜெனீவா பக்கத்தில் இருக்கும் அந்த செர்ன் ஆய்வகத்து வளாகத்தில் நம் நடராஜர் சிலை. 2004 ஜூனில் இந்தியா கொடுத்தது, இரண்டு மீட்டர் உயரம். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பெருமை அங்கே பூமிக்கு அடியில் இருக்கிறது. லேத் பட்டறையில் வாழ்நாளைக் கழித்த உனக்கு அது என்னைவிட நன்றாகப் புரியும்.

27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் அது. அதற்குள் துகள்களை வளைத்துத் திருப்ப 1232 பெரிய காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. ராயபுரத்தில் லோடு ஏற்றி நிற்கும் லாரியை நினைத்துக்கொள். அவ்வளவு எடையைத் தாங்கவும் வேண்டும், மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவுக்கு மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தி நேர்கோட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டும். அதற்கு ஒரு காந்தத்துக்கு மூன்று என்று ஜாக்கிகள், டயர் மாற்ற வண்டியைத் தூக்க வைக்கிறோமே, அந்த மாதிரி. வளையத்தில் உள்ள மற்ற காந்தங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 7000 ஜாக்கிகள், அத்தனையும் இந்தியாவில் செய்து கப்பலில் போனவை. இந்தூரில் உள்ள நம் அணுசக்தித் துறை ஆய்வு மையத்தின் பொறுப்பில், நம் நாட்டுப் பட்டறைகளில், உன்னைப் போன்றவர்கள் அளவு பார்த்து, தட்டிப் பார்த்து, திருப்பி அனுப்பி, மறுபடி செய்து கொடுத்தவை. 2012ல், அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்பதை விளக்கும் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்ததாக உலகமே பேசியபோது அந்தக் காந்தங்கள் இந்த ஜாக்கிகள் மேல்தான் உட்கார்ந்திருந்தன. சிலையின் படம் எல்லார் போனிலும் சுற்றுகிறது. ஜாக்கியின் படத்தை யாரும் அனுப்பி நான் பார்த்ததில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

இதெல்லாம் சந்தா கட்டுவதற்கு முன்னால் நடந்தது. இந்தியா அங்கே இணை உறுப்பினர் ஆனது 2017 ஜனவரியில்தான். பாகிஸ்தான் நமக்கு ஒன்றரை வருஷம் முன்பே ஆகிவிட்டது. சந்தா என்பது என்ன? நம் குப்பத்தில் தலைக்கட்டு வரி கட்டுகிறோமே, அதே கதைதான். அங்கே முழு உறுப்பினர்கள் அவரவர் நாட்டு வருமானத்துக்குத் தகுந்த மாதிரி கட்டுகிறார்கள். இணை உறுப்பினர், முழு உறுப்பினராக இருந்தால் கட்ட வேண்டியதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். வாக்கு கிடையாது. ஆனால் கவுன்சில் கூட்டத்தில் நம் ஆள் போய் உட்காரலாம். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும்போது நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். டெண்டர் விடும்போது நம் கம்பெனிகள் விலை குறித்துப் போடலாம். வரி கட்டாத வீட்டுக்காரன் ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதற்கும், கட்டியவன் பாயில் உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நண்பா, உன் கேள்விக்கு என் உண்மையான பதில் ஜெனீவாவில் இல்லை. நீயும் நானும் ஓடிப் பிடித்து விளையாடிய இந்தக் கரையில் இருக்கிறது.

அந்தச் சிலை போய்ச் சேர்ந்த அதே 2004, டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. இங்கே எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. எல்லாரும் தெருவுக்கு ஓடி வந்தோம். பத்து நிமிஷம் நின்று பேசினோம். அப்புறம் திரும்பி வீட்டுக்குள் போய்க் காபி குடித்தோம். தம்பி வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போனான். ஒன்பது மணிக்குக் கடல் உள்ளே வந்தது. தம்பி ஒரு லாரி மேல் ஏறிப் பிழைத்தான். அவன் படகு இரண்டு துண்டாகி ரோட்டில் கிடந்தது. பக்கத்து வீடுகளில் நடந்ததை நான் உனக்கு எழுத வேண்டாம், பதினாறாம் நாள் காரியத்துக்கு நீயே வந்திருந்தாய்.

ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம். அலை கடலுக்குள் வந்துகொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் அந்த டம்ளர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி மையம் நிலநடுக்கம் வந்த கால் மணி நேரத்தில் அந்த நிலநடுக்கத்தை அளந்து அறிக்கை வெளியிட்டது. பசிபிக் ஓரத்து நாடுகள் பல வருஷங்களாக யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து, எந்த நாட்டில் யாருக்குச் சொல்வது, யார் கரைக்குச் சொல்வது என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தன. இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. விஞ்ஞானம் இருந்தது, நிலநடுக்கத்தை அளக்கும் கருவி இருந்தது, கூட்டம் போட்டு உட்கார்ந்து பேசி வைத்திருக்கவில்லை. அதுதான் பெரிய குறை. அந்தக் குறைக்கு நாம் கொடுத்த விலையை நீ பார்த்தாய்.

அடுத்த வருஷமே இந்தியப் பெருங்கடல் நாடுகள் அதே ஆணையத்தின் கீழ் கூடின. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில், இன்காய்ஸ் என்று சொல்கிறார்களே, அந்த இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்யத் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தப் பெருங்கடல் ஓரத்து மற்ற நாடுகளுக்கும் எச்சரிக்கை கொடுக்கின்றன. 2004ல் நமக்கே ஒருவரும் சொல்லவில்லை. ஏழே வருஷத்தில் நாம் மற்றவர்களுக்குச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

2012 ஏப்ரல் 11. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்காலி ஆடியது. சுமத்ரா பக்கம் 8.6 அளவு நிலநடுக்கம். அதே டம்ளர்கள், அதே கடகட சத்தம். ஆனால் அன்றைக்கு யாரும் காபி குடிக்க உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் டிவியில் எச்சரிக்கை ஓடியது, போலீஸ் ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தது. வயதானவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்மண்டபம் தாண்டிப் போய் நின்றோம். பெரிய அலை வரவில்லை. பூமித்தட்டு மேலும் கீழுமாக ஏறாமல் பக்கவாட்டில் நழுவியதால் கடல்நீரை அவ்வளவாகத் தூக்கவில்லை. சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கினார்கள், வீட்டுக்கு வந்தோம். வீண் ஓட்டம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த ஏற்பாட்டில் நாமும் கொடுக்கிறவர்கள் என்பதைச் சொல்ல ஒரு சங்கதி. தம்பி மகன் விசைப்படகில் போகிறான், தெரியுமல்லவா? ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான், நடுக்கடலில் மஞ்சளாக ஒரு பெரிய மிதவை, மேலே கம்பமும் சோலார் தகடும் இருக்கிறது, அதன் அடியில் நல்ல மீன் நிற்கிறது, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டால் ராத்திரி நகராமல் இருக்கலாம் என்று. காலையில் கயிற்றை இழுத்தபோது ஒரு ஒயரும் கூடவே அறுந்து வந்துவிட்டதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் விட்டிருக்கும் மிதவைகளில் ஒன்றாகத்தான் அது இருக்க வேண்டும். காற்று, அழுத்தம், கடல் சூடு, நீரோட்டம் எல்லாவற்றையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்கள் உலக வானிலை அமைப்பின் வலைப்பின்னலில் எல்லா நாடுகளுக்கும் போகின்றன. புயல் வந்தால் ஐரோப்பிய மாடல் என்ன சொல்கிறது, அமெரிக்க மாடல் என்ன சொல்கிறது என்று நீ எனக்குப் போன் போட்டுக் கேட்கிறாயே, அந்த மாடல்களுக்குத் தீனியே இந்த மாதிரி எண்கள்தான்.

அவனிடம் கோபப்படவில்லை. உட்கார வைத்துச் சொன்னேன். "டேய், நீ அறுத்த ஒயர்ல நம்ம புயல்தான்டா போய்க்கிட்டிருந்தது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மீன் நிற்கும் இடம் பார்க்க அவன் போனில் வரும் தகவல் இருக்கிறதே, எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆழம் என்று, அதுவும் நம் செயற்கைக்கோளும் வெளிநாட்டுச் செயற்கைக்கோளும் கடல்மேல் சூட்டையும் பாசியின் நிறத்தையும் பார்த்துச் சொல்வதுதான் என்று விளக்கினேன். இப்போது மற்ற படகுக்காரர்களிடம் அவனே சொல்கிறான், மிதவையில் கட்டாதீர்கள் என்று.

கடலுக்குள் ஆர்கோ என்று இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஆள் உயரக் குழாய்கள், உலகம் முழுக்க ஏறத்தாழ 4000. பத்து நாளைக்கு ஒரு தடவை 2000 மீட்டர் ஆழத்துக்குப் போய், அளந்துகொண்டே மேலே வந்து, எண்களை அனுப்பிவிட்டு மறுபடி முங்கும். எந்த நாடு விட்ட குழாயாக இருந்தாலும் எண்கள் எல்லாருக்கும் பொது. நம் நாடும் விட்டிருக்கிறது.

புயல் பெயரையே எடுத்துக்கொள். 2016ல் நம் வேப்பமரத்தைச் சாய்த்த வர்தா பாகிஸ்தான் கொடுத்த பெயர். 2023 டிசம்பரில் எண்ணூரை மூழ்கடித்த மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது. 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து 2020ல் போட்ட பட்டியலில் இந்தியா கொடுத்ததில் ஒன்று முரசு. நம் தமிழ்ச் சொல். எல்லையில் சண்டை போடும் நாடுகள்கூடப் புயலுக்காக ஒரே மேஜையில் உட்காருகின்றன.

மழைத்தண்ணீர்க் கால்வாய் வேண்டும்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதற்காக இந்தச் சந்தாவை நிறுத்தச் சொல்லாதே. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. உறுப்பினர் ஆனதால் திறந்த கதவு எங்கே இருக்கிறது என்று நம் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வலை பின்னுகிறவர் மகன் ஒருவன், என்னிடம் படித்தவன், இப்போது எஞ்சினியரிங் கடைசி வருஷம். செர்ன் கோடைப் பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கிறார்கள் என்று நான்தான் சொன்னேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினான். பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கல்லூரியில் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். கடைசித் தேதிக்கு மறுநாள் வந்தது. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசற்படியில் அவன் உட்கார்ந்திருந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. நாடு வரி கட்டிவிட்டது, பாயில் உட்கார வேண்டிய பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டான்.

இந்த வருஷம் விடப்போவதில்லை. தேதியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். கடிதத்துக்கு இப்போதே கேட்டாகிவிட்டது. கூடவே இன்னும் நாலு பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு மாடிக்கு வருகிறார்கள்.

உன்னிடம் ஒரு உதவி. அவர்களுக்கு ஜாக்கியைப் பற்றி நீ சொல்ல வேண்டும். 35 டன்னை முடி அளவுக்கு நகர்த்துவது என்றால் திருகு எப்படி இருக்க வேண்டும், மரை எவ்வளவு நெருக்கமாக வேண்டும், எங்கே தேயும் என்று என்னால் கரும்பலகையில்தான் சொல்ல முடியும், நீ கையில் எடுத்துக் காட்டுவாய். ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. படகுகள் போய்த் திரும்ப நாலைந்து நாள் ஆகும். அந்த வாரம் கிளம்பி வா. பழைய மைக்ரோமீட்டர் இன்னும் வைத்திருந்தால் அதையும் எடுத்து வா.

உன்
காசிமேட்டு நண்பன்