அச்சு என்றால் எந்த அச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த பிரஸ் டூல் (பிரஸ்ஸில் மாட்டித் தகட்டை வெட்டும் கருவி) சொற்பட்டியலைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தங்கச்சி மகன் என் பட்டறைக்கு வந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு நேர்முகத்துக்குப் போகப்போகிறவன். "மாமா, டைன்னா அச்சுன்னு போட்டிருக்கே, இடியாப்ப அச்சு மாதிரியா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வார்ப்பு அச்சும் அச்சுதான், வண்டி அச்சும் அச்சுதான், உங்கள் பத்திரிகை ஓடுவதும் அச்சில்தான். நாலு வரி தள்ளி அதே டைக்கு 'மரை வெட்டும் கருவி' என்றும் போட்டிருக்கிறீர்கள். அது, ஓட்டைக்குள் மரை வெட்டுகிற டேப்புக்கு ஜோடியான டை. பிரஸ்ஸில் மாட்டுகிற டை வேறு.

நான் அம்பத்தூரில் 26 வருடம் டூல் ரூமில் இருந்தவன். இப்போது ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு கைப்பிரஸ்ஸை வைத்துக்கொண்டு விசைப்படகு எஞ்சின்களுக்கு வாஷரும் கேஸ்கட்டும் அடித்துக் கொடுக்கிறேன். மேலேயிருந்து இறங்குவது பஞ்ச், கீழே ஓட்டையோடு உட்கார்ந்திருப்பது டை, நடுவில் தகடு. பட்டறையில் இப்படித்தான் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது.

சரி, சொல்லாவது போகட்டும். 'அளவு எப்போதும் பஞ்சில் இருக்கும்' என்று எழுதியிருப்பது தப்பு. 1 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில், வெளிவட்டம் 20 மி.மீ., ஓட்டை 8 மி.மீ. உள்ள வாஷர் அடிக்கிறோம் என்று வையுங்கள். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குத் தகட்டுக் கனத்தில் சுமார் 5 சதவீதம் இடைவெளி விடுவோம், அதாவது 0.05 மி.மீ. இதுதான் கிளியரன்ஸ். பியர்சிங்கில் நமக்கு வேண்டியது ஓட்டை. அதன் அளவு பஞ்சில் இருக்கும்: பஞ்ச் 8, டை 8.10. பிளாங்கிங்கில் வேண்டியது கீழே விழும் துண்டு. அதன் அளவு டையில் இருக்கும்: டை 20, பஞ்ச் 19.90. உங்கள் வரியை நம்பிப் பஞ்சை 20-க்கு அரைத்தால் டை 20.10 ஆகிவிடும், வாஷரும் 20.10 ஆக விழும். நேர்முகத்தில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். நான் ஆள் எடுத்த காலத்தில் இதைத்தான் கேட்பேன்.

அப்புறம் அந்த 'உரிப்பான் தட்டு'. பையன் பெயின்ட் உரிக்கிற சாமான் என்று நினைத்துவிட்டான். வாயால் விளக்காமல், டைமேல் இருந்த ஸ்டிரிப்பர் பிளேட்டை ஆலன் ஸ்குரூவைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு ஒரு அடி அடிக்கச் சொன்னேன். பஞ்ச் மேலே ஏறும்போது தகடும் அதைக் கவ்விக்கொண்டே ஏறிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. பிளேட்டைத் திரும்ப மாட்டி அடித்தபோது தகடு அதில் முட்டிக் கீழேயே நின்றது, பஞ்ச் மட்டும் மேலே போனது. "ஓ, தடுத்து நிறுத்துறதா!" என்றான். 'தடுப்புத் தட்டு' என்றே நீங்களும் போடலாம். உரிப்பானை விட எவ்வளவோ தேவலாம்.

வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறுக்கு வெறும் 'குறை' என்று எழுதியது போதாது. பஞ்ச் விளிம்போ டை விளிம்போ மழுங்கினாலும் கிளியரன்ஸ் கூடினாலும் பிசிறு எழும்பும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் கிரீஸ் தடவாமல் வைத்த டை, கச்சான் காற்று அடிக்கும் நாளில் இரண்டே நாளில் துருவேறிவிடும். அந்த விளிம்பை வைத்து அடித்தால் வாஷர் கையைக் கிழிக்கும், எனக்கே கிழித்திருக்கிறது.

பையனுக்கு நேர்முகம் 18-ஆம் தேதி. அதற்குள் வரும் ஞாயிறன்று திருத்தம் போட்டால் உபகாரமாக இருக்கும், முடிந்தால் படத்தோடு. படம் கிடைக்காவிட்டால் பென்சிலில் வரைந்து தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபிட்டர்,
மண்டபம்