இரண்டு செல்வியும் ஒரு சட்டைப்பையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 14, உலக ரத்த தான தினம் வந்தால் ரத்த தானம் செய்தவர்களின் படங்கள் பத்திரிகைகளில் நிறைய வரும். வரட்டும், அவர்கள் கும்பிடத் தக்கவர்கள். ஆனால் அந்த ரத்தம் நோயாளிக்கு ஏறும் முன் அதைப் பரிசோதிக்கும் ஆய்வக உதவியாளருக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஒருவரும் எழுதக் காணோம். காவிரிக் கரையில் ஓர் அரசு மருத்துவமனை லேபில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒருநாள் பிரசவ வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு செல்வி. நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல்தான். அதுவும் ஒருத்திக்கு அப்பா பெயர், இன்னொருத்திக்கு வீட்டுக்காரர் பெயர். பயிற்சிக்கு வந்திருந்த பையன் இருவரிடமும் ரத்தம் எடுத்தான். ஊதா மூடிக் குழாய் இரண்டையும் பெயர் எழுதாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாடி இறங்கி லேபுக்கு வந்துதான் பெயர்ச் சீட்டு ஒட்டினான். பரிசோதனையில் பி வகை என்று வந்த செல்வியின் கர்ப்பகால அட்டையில் ஓ என்றிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அட்டையை வீட்டில் மறந்து வந்திருந்தால்? ஏற்றப்போகும் ரத்தத்தை நோயாளியின் ரத்தத்தோடு கலந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்சிலும் சிக்கியிருக்காது. அதே தப்பான குழாயை வைத்துத்தானே அதையும் பார்ப்போம்! ஓ வகைக்காரருக்கு பி ஏறினால் சிவப்பணுக்கள் உடனே உடையத் தொடங்கும். சிறுநீரகம் போகும், உயிரும் போகலாம்.

பையன் மக்கு இல்லை. ரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் யார் என்றால் லாண்ட்ஸ்டைனர், 1901 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

ஸ்லைடில் ரத்தத்தின் மேல் ஏ-யைக் காட்டும் நீலச் சொட்டு, பி-யைக் காட்டும் மஞ்சள் சொட்டு விட்டு, பால் திரிந்த மாதிரி திரிகிறதா என்று பார்ப்பதோடு பலருக்குப் பழக்கம் நின்றுவிடுகிறது. நோயாளியின் சீரத்தைத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு கலந்து மறுபக்கமிருந்தும் சரிபார்ப்பதை ரெக்கார்டு நோட்டில் வரைந்ததோடு சரி. 1952-ல் கண்டறிந்த பம்பாய் வகை என்ற அரிய ரத்தம் ஸ்லைடில் ஓ போலத்தான் காட்டும். அதன் சீரத்தை ஓ அணுக்களோடு சேர்த்தால்தான் திரிந்து வேஷம் கலையும்.

டிப்ளமோ படிப்பவர்களை ஒரு மாதமாவது தஞ்சை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்து ரத்த வங்கியில், இரவுப் பணியோடு சேர்த்து உட்கார வைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தப்போக்கோடு ஒரு தாய் வந்து, உறவுக்காரர்கள் கதவைத் தட்டும்போதும் கை பதறாமல் பழக வேண்டும். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் ஜெனரேட்டர் டீசலையும் ரத்தப் பிரிட்ஜின் தெர்மாமீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக் கிடந்தோம். 2 முதல் 6 டிகிரிக்குள் நிற்க வேண்டுமே! அதெல்லாம் புத்தகத்தில் வராது.

அப்புறம், முதல் நாள் பாடம் மைக்ராஸ்கோப்பில் வேண்டாம். வார்டுக்குக் கூட்டிப்போய், "உங்க பேர் என்னம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, கட்டிலருகே நின்றபடியே குழாயில் எழுதச் சொல்லுங்கள். "செல்விதானே?" என்று கேட்டால் இரண்டு பேருமே தலையாட்டுவார்கள்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன்,
கும்பகோணம்