டூட்டி ரூம் தாப்பாவுக்காக ஒரு திறந்த மடல்

டீன் சாருக்கும் ஆர்.எம்.ஓ மேடத்துக்கும்,

வணக்கம். நான் இப்போ ஓ.ஜி. (பிரசவம், மகளிர் நோய் பிரிவு) போஸ்டிங்ல இருக்கற ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். பேரு போடல, போட்டா போஸ்டிங் முடிச்சதுக்கான கையெழுத்துக்கு யாரு அலையணும்னு உங்களுக்கே தெரியும். காலேஜ் பேரும் வேணாம், சேலத்துல இருக்கற ஒரு ஆஸ்பத்திரினு வெச்சுக்கலாம்.

விஷயம் சின்னது தான். லேபர் வார்டு பக்கத்துல இருக்கற லேடீஸ் டூட்டி ரூம் கதவுல தாப்பா இல்ல. முன்னாடி இருந்துச்சாம், இப்போ ஸ்க்ரூ இருந்த ஓட்டை மட்டும் தான் இருக்கு. அதனால பிரிச்சு வீணாப்போன ட்ரிப் செட் ட்யூப்ப கைப்பிடியில ரெண்டு சுத்து சுத்தி ஜன்னல் கம்பியில முடிச்சு போட்டுட்டு படுக்கறோம். அந்த ட்யூப் இழுபடும்ங்க, வெளிய இருந்து நல்லா தள்ளுனா ஒரு ஆளு தலைய நீட்டற அளவுக்கு கதவு திறந்துக்கும்.

போன மாசம் அப்படித்தான் ராத்திரி 3 மணி இருக்கும், அப்போ தான் கண்ண மூடுனோம், கதவு இடுக்குல ஒரு ஆம்பளையோட முகம். கூட படுத்திருந்தவ தலகாணிக்கு அடியில இருந்து முட்டிய தட்டிப் பாக்கற சுத்தியல எடுத்துட்டு எழுந்து உக்காந்துட்டா (அத வெச்சு அவ ரிஃப்ளெக்ஸ் பாத்தத விட இப்படி புடிச்சுட்டு உக்காந்தது தான் அதிகம்). அவரு பாவம், மகளுக்கு சிசேரியன்னு சொன்னதுல பதறிப்போய் "நர்ஸம்மா, தியேட்டர் எந்தப் பக்கம்"னு கேட்டாரு, நான் வழி சொன்னேன், போயிட்டாரு. அவரு மேல கோவமே இல்ல. ஆனா அதுக்கப்புறம் விடியற வரைக்கும் ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல, 7 மணிக்கு ரவுண்ட்ஸ்ல "ஏம்மா தூங்கி வழியற"னு திட்டு வாங்குனது தான் மிச்சம்.

2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரில கொலையான அந்த டாக்டர் பொண்ணு டூட்டிக்கு நடுவுல செமினார் ஹால்ல போய் தான் படுத்தாங்க. ரெஸ்ட் எடுக்க ஒழுங்கா ஒரு ரூம் இல்லாதது தான் காரணம்னு நாடே பேசுச்சு, சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து கேஸ் எடுத்து டாஸ்க் ஃபோர்ஸ் போட்டுச்சு. டாக்டர் மேல கை வெச்சா 6 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி தலைமையே எஃப்.ஐ.ஆர் போடணும்னு டெல்லில இருந்து உத்தரவு வந்துச்சு. நம்ம ஊர்ல 2008-லயே இதுக்குனு தனி சட்டம் இருக்கு. எல்லாம் சரி, ஆனா அதெல்லாம் ஏதாவது நடந்ததுக்கு அப்புறம் தானேங்க?

நீங்க செஞ்சது வராண்டாவுல ஒரு கேமரா, அப்புறம் "ராத்திரி 10 மணிக்கு மேல பெண் பயிற்சி மருத்துவர்கள் தனியாகச் செல்ல வேண்டாம்"னு ஒரு சர்குலர், அதுல எங்க கையெழுத்து வேற. ராத்திரி ஓ.ஜி.ல ஹவுஸ் சர்ஜன் ரெண்டே பேர், ஒருத்தி தையல் போட கூட நிக்கறா, இன்னொரு அம்மாவுக்கு பிரசவம் ஆகி ரத்தம் நிக்காம போயிட்டிருக்கு, அப்போ பிளட் பேங்க்குக்கு ஓட நான் துணைக்கு யாரத் தேடறது?

எங்க அப்பா ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேலை பாக்கறாரு. அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த 2020-லயே எனக்கு சீட் கிடைச்சது, எஸ்டேட்ல எங்க லைன் வீடுங்கள்ல முதல் டாக்டர் நான் தான். மாசம் ஒருக்கா 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு பை நிறைய பழம், மிளகு, அம்மா செஞ்ச சோறுனு கொண்டு வருவாரு. ஒரு தடவ கதவுல கட்டியிருந்த ட்யூப்ப பாத்துட்டாரு, ஒண்ணுமே கேக்கல. அடுத்த மாசம் வந்தப்போ சோத்துக்கு அடியில பேப்பர்ல சுத்தி ஒரு 8 இஞ்ச் டவர் போல்ட் தாப்பா, செவ்வாய்ப்பேட்டையில இறங்கி வாங்கிட்டு வந்திருக்காரு.

அத மாட்டி ரெண்டு நாள் நிம்மதியா தூங்குனோம். மூணாவது நாள் மெயின்டனன்ஸ்ல இருந்து வந்து, அனுமதி இல்லாம கதவுல எதுவும் அடிக்கக்கூடாதுனு கழட்டி என் கையிலயே குடுத்துட்டு போனாங்க. மகளிர் தினத்துக்கு மேடையில முத்துலட்சுமி ரெட்டி 1912-ல டாக்டர் ஆன கதைய சொல்லி ஆளுக்கொரு ரோஜா குடுத்தீங்களே, அதே வாரம் தான் சார் இது.

வர்ற திங்கக்கிழமையோட என் 7 வார ஓ.ஜி. போஸ்டிங் முடியுது. தாப்பா என் பேக்ல தான் இருக்கு, ஸ்க்ரூவோட. அடுத்து வர்ற பொண்ணு கிட்ட அத குடுத்துட்டு போறேன். அனுமதினு ஒரு வரி எழுதி குடுங்க போதும், மாட்டறத நாங்களே பாத்துக்கறோம்.

இப்படிக்கு,
ஓ.ஜி. நைட் டூட்டி ஹவுஸ் சர்ஜன்