வாய்தாவுக்கு முன் ஒரு வார்த்தை

கோபி,
பூப்பறிக்கிற நோம்பிக்கு மறுநாள்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம்; அங்கும் அப்படியே இருக்க வேண்டும். ஓராண்டாக உனக்கு எழுதாமல் இருந்ததற்கு வேலையைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். மகளின் வாழ்க்கை முறிந்ததை உன்னிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம்தான். ஆனால் நேற்றுச் சந்தையில் நம் கணக்கு வாத்தியார் மகனைப் பார்த்தேன். உன் அண்ணன் மகனுக்கும் விவாகரத்து வழக்கு நடப்பதாகவும், 'பிள்ளையை விடக் கூடாது, ஒரு கை பார்த்துவிடலாம்' என்று நீதான் முன்னால் நிற்பதாகவும் அவன் சொன்னபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கபடியில் ஆளைத் தொடாமல் கோட்டுக்குத் திரும்பாதவன் நீ. அந்தப் பிடிவாதத்தை இங்கே காட்டாதே.

நானும் அப்படித்தான் நின்றேன். பெரியவர்களை வைத்து மூன்று முறை பேசினோம். தப்பு யார் மேல், போட்ட பவுனில் எத்தனை திரும்பி வரும் என்பதைத் தவிர வேறு பேச்சே எழவில்லை. பிறகு வழக்கு. மருமகன் மனுவில் என் மகளைப் பற்றி எழுதியிருந்ததையும், எங்கள் எதிருரையில் அவரைப் பற்றி நாங்கள் எழுதவைத்ததையும் ஒரே இரவில் சேர்த்துப் படித்தபோது, பேத்தி வளர்ந்து இந்தக் கட்டைப் பிரித்தால் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, நீதிபதி முதலில் இணக்கமான தீர்வுக்கு முயல வேண்டும். அவ்வாறே எங்களையும் சமரச மையத்துக்கு அனுப்பினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் தொடங்கிய ஏற்பாடு இது. சேர்த்துவைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகவே போனேன். பிரிவதென்றால் பிரிவதையும் அங்கே பேசி முடிக்கலாம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. சமரசர் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசவைத்தார். எங்களிடம் கட்டணமும் வாங்கவில்லை. அங்கே பேசியதை நாளை நீதிமன்றத்தில் சாட்சியமாக இழுக்க முடியாது என்பதால்தான் இருவரும் மனம்விட்டுப் பேசியிருக்க வேண்டும். உள்ளே என்ன பேசினார்கள் என்று மகள் இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியவர்களை மரியாதையாக வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நானும் சம்பந்தியும் ஒரே பெஞ்சில் மூன்று அமர்வுகள் உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவர், 'பாப்பாவுக்கு இப்போது இளைப்பு எப்படி இருக்குதுங்க?' என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது.

கடைசியில் எங்களையும் உள்ளே அழைத்தார்கள். மேசைமேல் ஒரு மாதக் காலண்டர் விரித்திருந்தது. நீல மையில் அப்பாவின் நாட்கள், சிவப்பில் அம்மாவின் நாட்கள். இருப்பது அம்மாவிடம், ஒன்றுவிட்டு ஒரு சனி, ஞாயிறும் கோடை விடுமுறையில் பாதியும் அப்பாவிடம், பண்ணாரி குண்டத்துக்கு அப்பா வீட்டாரோடு, பட்டிப் பொங்கலுக்கு நம் வீட்டில், பள்ளிக் கட்டணம் அவர், மருத்துவச் செலவு பாதிப் பாதி, பிள்ளை காதுபட ஒருவரை ஒருவர் குறை சொல்வதில்லை. ஒவ்வொரு முறை அவள் கைமாறும்போதும் இன்ஹேலர் வைத்த சிறு பையும் கூடவே போகிறது. எத்தனை முறை கொடுத்தோம் என்று எழுதும் சீட்டு அதில் இருக்கிறது; ஒரு வரி என் மகள் கையெழுத்து, அடுத்த வரி மருமகன் கையெழுத்து. அவரை மருமகன் என்றுதான் இன்னும் எழுத வருகிறது.

உங்கள் வக்கீல் சொல்லியிருப்பார்: ஓராண்டு பிரிந்திருந்தால் மனமொத்த விவாகரத்துக்கு மனுக் கொடுக்கலாம். அதன்பின் வரும் ஆறு மாதக் காத்திருப்பையும், எல்லாம் பேசி முடிந்திருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு உன் அண்ணன் கொதித்திருப்பார். தகப்பன் பார்க்கக் கூடாது என்று அதற்குப் பொருளில்லை. பிள்ளையின் நலனே முதன்மை. வளர வளர ஏற்பாட்டை மாற்றவும் கேட்கலாம். ஆனால் ஒன்றை உண்மையாகச் சொல்: உங்கள் பையன் அந்தப் பெண்ணைக் கைநீட்டி அடித்திருக்கிறானா? அப்படியானால் அவள் பயந்துகொண்டு எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கக் கூடாது. அவளுடைய பாதுகாப்புத்தான் முதலில்.

இல்லையென்றால், அடுத்த வாய்தாவில் சமரசத்துக்கு அனுப்பும்படி உங்கள் பக்கமே கேளுங்கள். தேதியைத் தெரிவி, காலை வண்டியில் நானும் வருகிறேன். உன் அண்ணனோடு வெளி பெஞ்சில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் நண்பன்