ஃபீல்ட்ஸ் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்

மேசீஸ் நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

சிகாகோ ஸ்டேட் தெருவில் இருக்கும் உங்கள் பல்பொருள் அங்காடியைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2006 செப்டம்பர் 9 அன்று அதன் பழைய பெயரான மார்ஷல் ஃபீல்ட்ஸை இறக்கி, மேசீஸ் என்ற உங்கள் பெயரை ஏற்றினீர்கள். கடை வெளிச்சுவரில் தொங்கும் பெரிய கடிகாரத்தடியில் ஜனங்கள் திரண்டு கோஷம் போட்டதும் உங்களுக்குத் தெரியும்.

என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சிறுமியாக இருந்த நாளிலிருந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தக் கடைக்குள் இருக்கும் வால்நட் ரூம் உணவகத்தில், பெரிய கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில், சிக்கன் பாட் பை சாப்பிடுவது அவர் வழக்கம். போன டிசம்பரில் நான்தான் காரில் கூட்டிப் போனேன். வழியில் பேத்தி போன் செய்து, எங்கே போகிறாய் என்று கேட்டாள். ஃபீல்ட்ஸுக்கு என்றார். அது எங்கே இருக்கிறது என்றாள் பேத்தி. அந்தம்மாவுக்கு உங்கள் பெயர் வாயில் வரவில்லை. கையுறையின் விரல் நுனியை இழுத்து இழுத்து விட்டபடி இருந்தார். கடைசியில், "கடிகாரம் இருக்குமே, அந்தக் கடை" என்றார்.

அந்த ஒரு கடைக்காவது பழைய பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.

நாடு முழுக்க ஒரே பெயர் இருந்தால்தான் விளம்பரம் கட்டுப்படியாகும் என்றீர்கள். சரி. ப்ளூமிங்டேல்ஸ் கடைகளும் உங்களுடையவைதானே, அவை மட்டும் சொந்தப் பெயரிலேயே இருக்கின்றனவே? நியூயார்க் 59வது தெருவில் அந்தப் பலகையைக் கழற்றிப் பாருங்களேன்! பாஸ்டனுக்கு ஃபைலீன்ஸ், பிட்ஸ்பர்க்குக்கு காஃப்மன்ஸ், ஹூஸ்டனுக்கு ஃபோலீஸ் என்று ஊருக்கொரு பெயர் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் துடைத்தீர்கள். பெயர்தான் போனது, கடையாவது நிலைத்ததா? பிட்ஸ்பர்க் கடையை 2015இல் மூடினீர்கள். இங்கே வாட்டர் டவர் பிளேஸ் கடையை 2021இல். ஸ்டேட் தெருவில் மேல்மாடிகளை விற்றாயிற்று. ஃபீல்ட்ஸின் பேர்போன ஃப்ராங்கோ சாக்லேட்டைக்கூட 2017இல் கைமாற்றிவிட்டீர்கள். இன்னும் விற்க என்ன பாக்கி, நகரும் படிக்கட்டா?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். 'மார்ஷல் ஃபீல்ட் அண்ட் கம்பெனி' என்ற வெண்கலப் பலகைகள் இன்றும் உங்கள் கடைச் சுவரில் இருக்கின்றன. புதிதாக எதையும் வார்க்க வேண்டாம். வாசலிலும் பையிலும் அதே பெயரைப் போட்டால் போதும். பை ஃபீல்ட்ஸ் காலத்துப் பையைப் போலப் பச்சையாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.

தயவுசெய்து அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள். வரும் டிசம்பருக்குள் செய்தால் நல்லது. அந்தம்மாவுக்கு வயதாகிறது.

இப்படிக்கு,
சிகாகோவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்