சித்தப்பா, இடைவேளையில் கிளம்பிவிடாதீர்கள்

அன்புள்ள சித்தப்பா,

ஒசாகாவில் தங்கை உங்களுக்குத் தகராசுகா நாடகக் கம்பெனியின் டிக்கெட் எடுத்துவிட்டாள் என்று கேட்டதும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் போனில் நீங்கள் சொன்ன திட்டம் சரியில்லை. "முதல் பாதி கௌபாய் கதை, அதைப் பார்ப்பேன். அடுத்தது வெறும் டான்ஸாம்டா, இடைவேளையோடு கிளம்பிவிடுவேன்" என்றீர்கள். போனில் உங்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேடையில் ஓர் ஆண்கூட இருக்கமாட்டார், அது உங்களுக்குத் தெரியும். கௌபாய், ஷெரிஃப், வில்லன் எல்லாமே பெண்கள்தான். இப்படி ஆண் வேடம் கட்டுகிறவர்களை அங்கே 'ஒத்தோகோயாகு' என்பார்கள், நம் நாடகக்காரர்கள் பாஷையில் ராஜபார்ட். அந்தக் கம்பெனியின் இசைப்பள்ளியில் வருஷத்துக்குச் சுமார் 40 பெண்களைத்தான் சேர்க்கிறார்கள். இரண்டு வருஷப் படிப்பு. அதை முடித்து மேடையேறிய பிறகும் பல வருஷம் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த நடையும் அடிக்குரலும் கைக்கு வரும்.

கௌபாய் கதை இவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த ஆண்மையே முக்கால்வாசி தோரணைதானே? பெல்ட்டில் கட்டைவிரலைச் செருகி நிற்பது, தொப்பியின் விளிம்பை ஒரு விரலால் இறக்கிவிடுவது, பூட்ஸின் குதிகாலை முதலில் ஊன்றி நடப்பது. துப்பாக்கி வெடிப்பதை விட்டுவிடுங்கள். சுட்டு முடித்ததும் அதை உறையில் திரும்பப் போடும் கையைப் பாருங்கள். அவசரமே இருக்காது. இந்தக் கம்பெனி முதன்முதலில் மேடையேற்றிய வெளிநாட்டு மியூசிக்கலே அமெரிக்க மேற்குப் பக்கத்துக் கதைதான்: 1967-இல் 'ஓக்லஹோமா!'. நடனம் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்தே ஆள் வந்தார்.

ஆனால் சித்தப்பா, கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது கதை இல்லை, நீங்கள் வேண்டாம் என்கிற அந்த ஆட்டம்தான்.

1910-இல் ஒசாகாவின் உமேதாவிலிருந்து தகராசுகா வரை ரயில் விட்டார்கள். நடத்தியவர் கோபயாஷி இச்சிசோ. கடைசி ஸ்டேஷன் வெந்நீர் ஊற்று ஊர். அங்கே கூட்டம் வந்தால்தானே டிக்கெட் விற்கும்? உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்று கட்டிப் பார்த்தார், தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் யாரும் இறங்கவில்லை. குளத்தின் மேல் பலகை போட்டு அரங்கமாக்கினார். 1914-இல் அதில்தான் பெண்கள் முதன்முதலாக ஆடிப் பாடினார்கள். நஷ்டத்தில் போன குளத்தை இவ்வளவு சாமர்த்தியமாக மூடிய முதலாளி வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

1927-இல் 'மோன் பாரி' வந்தது, ஜப்பானின் முதல் ரெவ்யூ, அதாவது பாட்டும் ஆட்டமுமாகத் தொடுத்த காட்சி. கோபேயில் கப்பல் ஏறி வழியில் சிலோன், எகிப்து எல்லாம் பார்த்துவிட்டு பாரிஸ் போய்ச் சேருகிற பயணம். அதில் ஒரு காட்சி: பெண்கள் வரிசையாக நின்று ரயிலாகிறார்கள். அவர்களுடைய கால்சட்டைப் பக்கவாட்டில் சக்கரம் வரைந்திருக்கும், கால்கள் சேர்ந்து அசைய அசைய ரயில் ஓடும். ரயில்காரர் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் உண்டா!

அதே வரிசை ஆட்டத்தை இரண்டாம் பாதியில் நீங்களும் பார்ப்பீர்கள். அப்புறம் கோட்டு போட்ட ராஜபார்ட்டுகள் கூட்டமாக ஆடுவார்கள். கதை இல்லை, சாக்குப்போக்கு இல்லை, வெறும் தோரணை மட்டும். முதல் பாதியில் பாத்திரத்துக்குள் ஒளிந்திருந்த வித்தை இங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். ஜப்பானிய மொழியும் தேவையில்லை, உங்களுக்கு அதுவும் வசதி.

கடைசியில் மேடை முழுக்க ஒரு படிக்கட்டு முளைக்கும். 26 படி. ஒவ்வொரு படியும் 23 சென்டிமீட்டர் அகலம்தான், பூட்ஸ் முழுதாக நிற்காது. அதில் குனிந்து காலைப் பார்க்காமல், சிரித்துக்கொண்டே, பாடிக்கொண்டே இறங்க வேண்டும். இறங்கும் வரிசைதான் அந்தஸ்து, நட்சத்திர நாயகர் கடைசியில் வருவார். முதுகில் பத்து கிலோவுக்கு மேல் இறகுகள். முதல் பாதியில் குண்டடிபட்டுச் செத்த வில்லனும் ஜிகினா கோட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கி வருவார். நம் சினிமாவில்கூட இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பு கிடைக்காது.

சும்மா ஒரு தகவல்: 2024-இல் இவர்களில் 'நட்சத்திரக் குழு' என்ற பிரிவு நம் ராஜமௌலியின் 'ஆர்ஆர்ஆர்' படத்தையே பீமின் பக்கமிருந்து மேடையேற்றியது. அதற்குப் பின்னும் தனியாக ஒரு ரெவ்யூ வைத்தார்கள். அவ்வளவு ஆட்டம் இருந்த கதைக்கே அது தேவைப்பட்டது என்றால் உங்கள் கௌபாய் எம்மாத்திரம்?

உமேதாவில் மெரூன் நிற ஹன்கியூ ரயிலில் ஏறுங்கள், அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இடைவேளையும் அரைமணி இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து முழங்காலைச் சரிபண்ணிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். தூரக்கண்ணாடி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், கஞ்சத்தனம் பண்ணாமல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தங்கையிடமும் சொல்லிவிட்டேன், இடைவேளையில் வாசல் பக்கம் உங்களை விடமாட்டாள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்